கவர் போட்ட ஹெரால்ட்

கேள்வி: எனக்கு வயது 68. அப்பா வாங்கிய ஸ்டாண்டர்டு ஹெரால்டைப் பிள்ளை மாதிரி வைத்திருந்தேன். இப்போது கவரை விலக்கவே மனம் வரவில்லை. விற்றுவிடலாமா?
– வாசகர், பாரிவாக்கம்

பதில்: மனசு விட்டுப்போனதா, இடுப்பு விட்டுப்போனதா? அதை முதலில் பாருங்கள் ஐயா. ஹெரால்டின் பானெட் மட்கார்டோடு சேர்ந்து முழுசாக முன்பக்கம் சாயும். முன் டயர் மேலேயே உட்கார்ந்து கார்புரேட்டரைக் கழற்றலாம். அந்த வசதி எந்தப் புது காரில் இருக்கிறது? ஆனால் அடியில் படுத்து சேசிஸ் துருவைச் சுரண்டுவதும், பவர் ஸ்டியரிங் இல்லாமல் பூந்தமல்லி நெரிசலில் திருப்புவதும் 68-க்கு ஆகாது. துரு வேலையை மெக்கானிக்கிடம் விட்டுவிட்டு, ஞாயிறு காலை ஓட்டுவதை மட்டும் வைத்துக்கொண்டு பாருங்கள்.

இன்னொன்றும் உண்டு. வண்டலூர் பக்கம் 1961 முதல் 1971 வரை தயாரான வண்டி. அதற்குப் புதுப்பேட்டையில் பார்ட்ஸ் தேடி அலைந்ததில் பாதி சுகம் கூட வந்தவர்களால்தான். அவர்கள் குறைந்தால் ஆசையும் குறையும். இதில் குற்ற உணர்வு எதற்கு?

அப்படியும் பிடிக்கவில்லையா, தாராளமாக விற்றுவிடுங்கள். சும்மா நின்றால் பெட்ரோல் பிசினாகி ஜெட்டை அடைக்கும், பிரேக் ரப்பர் இறுகும், விலையும் இறங்கும். 50 வயது தாண்டிய வண்டிக்கு 2021 மத்திய விதிப்படி வின்டேஜ் பதிவு உண்டு, ஆனால் அதில் தினசரி ஓட்ட முடியாது. அதை வாங்குபவர் முடிவுக்கு விடுங்கள். ஆர்.சி. இன்னும் அப்பா பெயரில் இருந்தால், வாரிசுச் சான்றிதழ் கொடுத்து மாற்றிய பிறகே விலை பேசுங்கள்.