உறைபனி நாட்டில் உலோகச் சுரங்கங்கள்

நாம் நாள்தோறும் கையாளும் கரண்டியும், ஏறிச் செல்லும் வண்டியும், செவியிற் பொருத்திப் பேசும் கருவியும் ஏதோ ஒரு நிலத்தின் வயிற்றைக் கீறி எடுத்த உலோகங்கொண்டு செய்யப்பட்டவை. அவ்வுலோகம் எங்கிருந்து வந்தது, அதனை எடுத்த பின்னர் அந்நிலமும் ஆங்கு வாழும் மக்களும் எந்நிலை எய்தினர் என்பவற்றை நாம் பெரும்பாலும் வினவுவதில்லை. உலகின் வடபாலுள்ள குளிர்நாடுகளில் உலோகச் சுரங்கத் தொழில் விளைத்த பயன்களை மூன்று ஊர்களின் வரலாறு கொண்டு ஈண்டு ஆராயப் புகுகின்றோம். உருசியாவின் நோரில்ஸ்க், சுவீடனின் கிருனா, கனடாவின் யெல்லோநைஃப் என்பன அவ்வூர்கள். முன்னிரண்டும் வடதுருவ வட்டத்தினுள்ளே இருப்பன. மூன்றாவது அதற்குச் சற்றுத் தெற்கே இருப்பது.

குளிர்நிலத்தின் இயல்பு

முதற்கண் அந்நிலத்தின் இயல்பை அறிதல் வேண்டும். வடநாட்டின் பெரும்பகுதியில் மேல்மண் மாத்திரமே கோடையில் இளகும்; அதன் கீழுள்ள மண்ணும் பாறையும் ஆண்டுக்கணக்காக உறைந்தே கிடக்கும். இதனை 'என்றுமுறை நிலம்' என்று கூறலாம். ஆங்கு மரங்கள் மிக மெல்ல வளரும். பனிமான்கள் மாரிக்காலத்தில் உண்டு உயிர்வாழும் கற்பாசி இனங்களோ ஆண்டொன்றுக்குச் சில மில்லிமீட்டர் அளவே வளர்வன. மழையும் வெயிலும் மிகுந்த நாட்டிலே சில ஆண்டுகளிற் பசுமை போர்த்து மறைந்துவிடும் புண், ஆங்கே தலைமுறை பல கடந்தும் ஆறாது.

குளிர் எதனையும் அழுகவிடாது காக்கும் தன்மையுடையது. ஆதலின், உறைந்த நிலம் கட்டடத்தைத் தாங்கும், நஞ்சையும் பூட்டி வைக்கும் என்று தொழில் நடத்தினோர் நம்பினர். அந்நம்பிக்கை எவ்வளவிற்கு நிலைத்தது என்பதே நம் ஆராய்ச்சியின் சாரம் என்க.

நோரில்ஸ்க்

நோரில்ஸ்க் நகரத்தின் தோற்றமே துயரமானது. 1935-ஆம் ஆண்டில் சோவியத் அரசு ஆங்கு ஒரு கைதிகள் முகாமை நிறுவிற்று. கடுங்குளிரிற் கைதிகளே சுரங்கம் அகழ்ந்தனர், ஆலை எழுப்பினர், தெரு அமைத்தனர். 1953-இல் அது நகரமென்னும் பெயர் பெற்றது. நிக்கலும், செம்பும், பல்லேடியமும் ஆங்கு மிகுதி. அவை கந்தகத்தோடு கலந்த தாதுக்களாய்க் கிடைப்பதனால், உருக்கும்போது கந்தகப் புகை எழுகின்றது. பல்லாண்டுகளாக ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 20 இலட்சம் டன் கந்தகப் புகை அவ்வாலைகளினின்று வெளிப்பட்டது. கற்பாசி இப்புகையைச் சற்றும் பொறாது. காற்று வீசும் திசையில் லார்ச்சு மரக்காடுகள் பட்டு, வெறும் கழிகளாய் நின்றன.

ஈண்டு ஒரு முரண்பாட்டை நோக்குதல் தகும். பல்லேடியம் மோட்டார் வண்டிகளின் புகையைத் தூய்மை செய்யும் கருவியிற் பயன்படுவது. பிற நாட்டு நகரத்தார் நற்காற்றைச் சுவாசிக்க உதவும் உலோகம், தான் பிறந்த ஊரின் காற்றைக் கெடுத்தது!

2020-ஆம் ஆண்டு மே மாதம் 29-ஆம் நாள் அந்நகரின் அருகே அனல்மின் நிலையம் ஒன்றிலிருந்த எண்ணெய்த் தொட்டியின் அடித்தாங்கிகள் அமிழ்ந்தன. தொட்டி பிளந்து, ஏறக்குறைய 21,000 டன் டீசல் எண்ணெய் மண்ணிலும் ஆற்றிலும் பாய்ந்தது, ஆற்றுநீர் செந்நிறமாயிற்று. உறைநிலம் இளகியதே காரணம் என்றனர் உடையவர். கட்டிய குறையும் பேணாத குறையுமே காரணம் என்றனர் அரசாங்கப் பரிசோதகர். 2021-இல் நீதிமன்றம் விதித்த தொகை 14,600 கோடி ரூபிளுக்கும் மேற்பட்டது. அவ்வாறுகளிலும் ஏரிகளிலும் மீன்பிடித்தும், துந்திராவிற் பனிமான் மேய்த்தும் வாழ்ந்த நெனெட்ஸ், டொல்கன், ஙனசன் முதலிய தொல்குடியினர்க்கோ, இழந்த நீரையும் மேய்ச்சலையும் எத்தொகை ஈடுசெய்யும்?

கிருனா

இனிச் சுவீடனுக்குச் செல்வோம். கிருனாவின் கதை வேறுவகையானது. கைதிகளின் கண்ணீரால் எழுந்த ஊரன்று அது. இரும்புச் சுரங்கத் தொழிலாளர்க்கென 1900-ஆம் ஆண்டிலே திட்டமிட்டு அமைத்த நல்லூர். எனினும், இரும்புப் பாளம் சாய்ந்து சென்று ஊரின் அடியிற் புகுகின்றது. கீழிருந்து தாதுவை எடுக்க எடுக்க, மேலுள்ள பாறை சரிந்து, வெடிப்புகள் ஊரை நோக்கிப் படர்ந்தன. ஆகவே, நகரத்தையே பெயர்த்தல் வேண்டும் என 2004-இல் அறிவித்தனர். கிழக்கே புதிய நகர்நடுவம் 2022-இல் திறக்கப்பட்டது. 1912-இல் மரத்தாற் கட்டிய பெரிய தேவாலயத்தை, 672 டன் எடையோடும், சக்கர ஊர்திகள்மேல் ஏற்றி, 2025 ஆகஸ்டு மாதம் இரண்டு நாளில் 5 கிலோமீட்டர் தொலைவு நகர்த்திச் சென்றனர். உலகம் அதனைக் கண்டு வியந்தது.

கோயிலைப் பெயர்க்கலாம், வீட்டிற்கு விலை கொடுக்கலாம். பனிமான் செல்லும் வழியைப் பெயர்ப்பது எங்ஙனம்? அந்நாட்டுத் தொல்குடியினராகிய சாமி மக்கள் தம் மந்தைகளைக் கோடையில் மேற்கு மலைகளுக்கும் மாரியிற் கிழக்குக் காடுகளுக்கும் ஓட்டிச் செல்வர். சுரங்கமும், இருப்புப்பாதையும், ஊரும் அவ்வழியைக் குறுக்கிவிட்டன. 2023 சனவரியிலே அருமண் உலோகங்கள் அடங்கிய பெரும்படிவம் கிருனாவின் அருகே உள்ளதென்று அறிவித்தனர். காற்றாலைக்கும் மின்வண்டிக்கும் வேண்டிய காந்தங்கள் அவ்வுலோகங்களால் ஆவன. அதனையும் அகழ்ந்தால் எஞ்சிய வழியும் அறுபடும் என்று சாமி மேய்ப்பர்கள் முறையிடுகின்றனர்.

யெல்லோநைஃப்

மூன்றாவது ஊரின் செய்தியே நாம் விரித்துரைக்க விழைவது. கனடாவின் வடமேற்கே கிரேட் ஸ்லேவ் என்னும் பேரேரிக் கரையில் யெல்லோநைஃப் நகரம் இருக்கின்றது. ஆங்கு 1948-இல் 'ஜயண்ட்' என்னும் பொற்சுரங்கம் பொன் வார்க்கத் தொடங்கிற்று. 2004 வரை அதிலிருந்து கிடைத்த பொன் ஏறக்குறைய 70 இலட்சம் அவுன்சு. ஊர் வளர்ந்தது, கூலியும் கல்வியும் மருத்துவமும் வந்தன, 1967-இல் அவ்வூர் வடமேற்கு ஆட்சிப்பகுதியின் தலைநகருமாயிற்று. இந்நன்மைகளை மறைத்தல் நேர்மையன்று.

ஆயினும், அப்பொன் தனித்துக் கிடந்ததன்று. இரும்பும், கந்தகமும், ஆர்சனிக்கும் விரவிய தாதுவினுள்ளே நுண்துகளாய் அடைபட்டிருந்தது. தாதுவை வறுத்தாலன்றிப் பொன் பிரியாது. வறுத்தால் ஆர்சனிக்கு ஆவியாய் எழுந்து, குளிர்ந்து, வெண்பொடியாகும். அதுவே நம் மருத்துவ நூல்கள் வெள்ளைப் பாஷாணம் என்று கூறும் கொடிய நஞ்சு. சுவையற்றது, மணமற்றது, நீரிற் கரைவது. தொடக்க ஆண்டுகளில் நாளொன்றுக்கு ஏறக்குறைய 7,000 கிலோகிராம் நஞ்சு, தடுப்பேதுமின்றிப் புகைபோக்கி வழியே வெளியேறிப் பனியின்மேல் வீழ்ந்தது.

அந்நிலத்தின் பழங்குடியினர் டெனே மக்கள். அவர்கள் பனியை உருக்கிக் குடிநீராகக் கொள்வது வழக்கம். 1951-இல் அவ்வாறு உருக்கிய நீரினால் இரண்டு வயதுக் குழவியொன்று மாண்டது. கம்பெனி அப்பெற்றோர்க்கு அளித்த தொகை 750 டாலர். அவ்வாண்டிலேதான் புகையிலுள்ள பொடியைப் பிடிக்கும் யந்திரம் அமைந்தது. முன்னோர் கனிபறித்த இடத்தையும் மீன்பிடித்த துறையையும் டெனே மக்கள் அஞ்சி ஒதுங்கினர். பின்னர் 1992-இல் எழுந்த தொழிற்பிணக்கின்போது, வஞ்சமாக வைத்த வெடியினால் 9 தொழிலாளர் நிலத்தடியில் உயிரிழந்தனர். பொன்விளைந்த ஊரில் இவ்விரு துயரும் இன்றும் மறக்கப்படவில்லை.

பிடித்த பொடியை என் செய்வது? நிலத்தடி அறைகளிற் கொட்டினர். சூழ்ந்துள்ள உறைநிலம் அதனை என்றும் பூட்டி வைக்கும் என்று நம்பினர். ஆனால், சுரங்கம் வெட்டியதும் பாறையைத் திறந்ததுமே அவ்வுறைநிலத்தை இளகச் செய்துவிட்டன. பூட்டியவர் கையே பூட்டை உடைத்தது! இன்று ஆங்குக் கிடப்பது 2,37,000 டன். நீரை இடைவிடாது இறைத்துச் சுத்தி செய்யாவிடின், நிலத்தடிநீர் ஏறி, நஞ்சைக் கரைத்து ஏரியிற் சேர்க்கும். 1999-இல் சுரங்க உடையவர் திவாலாயினர். பொறுப்பு அரசாங்கத்தின் தலையில் வீழ்ந்தது.

இப்பொழுது செய்யும் பரிகாரம் அறியத்தக்கது. நிலத்தினுள் நெடுங்குழாய்களை இறக்கி, அவற்றுள் கரியமிலவாயுவை அடைத்து மூடுகின்றனர். அடியில் நீர்மமாய் இருக்கும் அது, பாறையின் வெப்பத்தை வாங்கி ஆவியாகி மேலேறும். மேலே மாரிக்காற்றில் அவ்வெப்பத்தை விட்டு, மீண்டும் நீர்மமாய்க் கீழிறங்கும். மின்விசை வேண்டாமலே இச்சுழற்சி நடைபெற்று, அறைகளைச் சுற்றியுள்ள பாறை உறைகின்றது. முழுத் திருத்தவேலை 2021-இல் தொடங்கிற்று. 2038 வரை நடைபெறும் என்கின்றனர். மதிப்பிட்ட செலவு 438 கோடிக் கனடிய டாலர்; கொடுப்போர் பொதுமக்கள். இவ்வளவும் செய்தாலும் நஞ்சு அழிவதில்லை; உறங்குகின்றது. காலநிலையோ வெம்மையடைந்து வருகின்றது. ஆதலின், அதனை என்றென்றும் காவல் காத்தல் வேண்டும். இங்கே தோண்டாதீர் என்று வருங்காலத்தாரை எம்மொழியில், எக்குறியால் எச்சரிப்பது என்று அறிஞரும் டெனே மூத்தோரும் கூடி ஆராய்ந்துள்ளனர். பொன் எடுத்தது 56 ஆண்டு, காவலுக்கோ எல்லையில்லை.

முடிவுரை

மாணவ நண்பர்காள்! இவற்றால் சுரங்கமே வேண்டாவென்று நாம் கூறவில்லை. உலோகமின்றி விளக்கில்லை, வண்டியில்லை, மருத்துவர் கையிற் கருவியுமில்லை. நம் கருத்து வேறு. சுரங்கத்தின் கணக்கேட்டில் வரவு முதலில் எழுதப்படுகின்றது. செலவு பின்னே வருகின்றது. வரவைப் பெற்றவர் ஒருவர். செலவைத் தாங்குபவர் பனியுருக்கிக் குடித்த குழவியும், மான் மேய்க்கும் இடையனும், இன்னும் பிறவாத மக்களும். ஆதலின், மண்வெட்டி நிலத்தைத் தொடுமுன்னரே மூன்று வினாக்களுக்கு விடை பெறுதல் முறை. ஆங்கு வாழ்வோர் இசைந்தனரா? எஞ்சும் நஞ்சை யார், எத்தனை காலம் காப்பர்? அதற்குரிய பொருளை இன்றே ஒதுக்கி வைத்தனரா? நாளை நீவிர் பொறியாளராகவோ, அதிகாரியாகவோ, வணிகராகவோ அமரும் மேசையின்மேல் இத்தகைய ஏடு ஒன்று வந்து சேரலாம். அன்று கையொப்பமிடுமுன் இவ்வினாக்களை நினைவு கூர்வீராயின், இக்கட்டுரை எழுதிய பயனை நாம் அடைந்தவராவோம்.