விரல் போதுமா, ஸ்டைலஸ் வேணுமா?

1. சப்பாத்தி மாவு பிசையும்போதுதான் போன் அடிக்கும்! கை கழுவ ஓடாமல், விரல் முட்டியால் பச்சை வட்டத்தைத் தள்ளி, ஸ்பீக்கரையும் அப்படியே தட்டிவிடுங்கள். தோல் பட்டால் போதும், திரை கேட்கும். நகத்தில் மின்சாரம் பாயாது, அதனால் நகத்தால் தட்டினால் நடக்காது.

2. திரையில் தண்ணீர்த் துளி நின்றால், அதையும் விரல் என்று நினைத்து போன் தானாக எதையாவது திறக்கும். முந்தானையால் ஒற்றிவிட்டுத் தொடுங்கள்.

3. பாட்டி தாத்தா தொட்டால் மட்டும் போன் அசையவில்லையா? வயதானால் விரல் நுனி வறண்டுபோகும். ஈரத்துணியில் லேசாக ஒற்றிக்கொண்டு தொடச் சொல்லுங்கள், பலன் உடனே தெரியும்.

4. சின்ன கீபோர்டில் தமிழ் தட்டத் தடுமாறுபவர்களுக்கு, ஜிபோர்டு என்ற கீபோர்டு ஆப்பில் தமிழ் மொழியைச் சேர்க்கும்போது கையெழுத்து முறையைத் தேர்ந்தெடுத்துக் கொடுங்கள். விரலாலேயே 'அம்மா' என்று எழுதினால் அச்செழுத்தாக மாறிவிடும். கடிதம் எழுதிப் பழகிய கைகளுக்கு இது பெரிய வரப்பிரசாதம்.

5. அவசரத்துக்கு வீட்டிலேயே ஸ்டைலஸ், அதாவது திரையில் எழுதும் பேனா, செய்யலாம். காது பட்ஸின் ஒரு முனைப் பஞ்சைத் துளி நீரில் நனைத்து, பஞ்சின் அடிப்பகுதியிலிருந்து குச்சி முழுக்க அலுமினியம் ஃபாயிலைச் சுற்றுங்கள். கை ஃபாயிலைப் பிடித்திருக்க வேண்டும், திரையில் பஞ்சு மட்டுமே பட வேண்டும். ஃபாயில் உரசினால் கீறல் விழலாம்.

6. சாதா ஸ்டைலஸால் டேப்லெட்டில் எழுதும்போது உள்ளங்கை பட்டு கோடு விழுகிறதா? கைக்குட்டையை நான்காக மடித்து கைக்கு அடியில் வையுங்கள்.

7. சார்ஜ் போட்டிருக்கும்போது மட்டும் திரை தாறுமாறாகத் துள்ளினால், ரிப்பேர் கடைக்கு ஓடாதீர்கள். சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். சரியாகிவிட்டால் கோளாறு பெரும்பாலும் சார்ஜரில்தான், அதை மாற்றிப் பாருங்கள்.

8. ஸ்டைலஸின் ரப்பர் முனையில் மணல் ஒட்டினால் திரைக் கண்ணாடியில் கீறல் விழும். எழுதும் முன் ஒரு தரம் துடையுங்கள்.

9. ஆப்பிள் பென்சில் ஐபேடுக்கானது, ஐபோனில் எழுதாது. எந்த ஐபேடுக்கு எந்தப் பென்சில் என்பதும் மாறும். சாம்சங்கின் எஸ் பென்னும் அதற்கென்று செய்த மாடல்களில்தான் எழுதும். பில் கட்டவும் வாட்ஸ்அப் பார்க்கவும் விரலே தாராளம். படம் வரையும் பிள்ளையோ நோட்ஸ் எடுக்கும் மாணவரோ வீட்டில் இருந்தால் மட்டும், மாடல் பெயரைக் கடையில் சொல்லி, பொருந்துமா என்று கேட்டுவிட்டுக் காசைக் கொடுங்கள்.