பைக்கை மாற்றுகிறீர்களா? பளபளப்புக்கு முன் வயரிங்
ஊட்டி, குன்னூர் பக்கம் பைக்கை மாற்றியமைப்பவர்கள் பெயின்ட்டில் காட்டும் அக்கறையை முதலில் வயரிங்கில் காட்டுவது நல்லது. இரு பருவமழையும் மூடுபனியும் நனைக்கிற மலையில், முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு பசை விட்டு ஈரம் ஏறும். செம்பு பச்சை பூத்து விளக்கு மங்கும். கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் அப்படி ஆனால்? "டேப் என்றால் கழற்றச் சுலபம்" என்பார்கள். கழற்றத்தான் ஈரம் புகாத கப்ளர் இருக்கிறதே! நிரந்தர இணைப்புக்கு உள்ளே பசை தடவிய ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போடுங்கள். 55 வாட் பனிவிளக்கு ஒன்றே 12 வோல்ட்டில் நாலரை ஆம்பியருக்கு மேல் இழுக்கும். ரிலேயும் ஃப்யூஸும் அவசியம்.

குரோம் அழகுதான், ஆனால் ஓரிடம் உரிந்தால் அடியில் துரு பரவும். சேஸிஸுக்குப் பவுடர் கோட்டிங் மேல். அது மின்சாரம் கடத்தாது என்பதால், எர்த் வயர் பிடிக்கும் இடத்தை மட்டும் மறைத்துப் பூசச் சொல்லுங்கள்.