மின்சாரம் தடைப்பட்டால்…

தமிழ்நாட்டில் திடீரென மின்சாரம் நின்று, யாரை அழைப்பதென்று மனம் சஞ்சலப்படும் இல்லத்தாரும் கடைக்காரரும் கவனிக்க வேண்டியவை:

1. அண்டை வீடுகளில் விளக்கு எரிகின்றதா என்று முதலில் நோக்குங்கள். எரியுமாயின், கோளாறு உங்கள் மெயின் சுவிட்சிலோ ஃபியூஸிலோ இருத்தல் கூடும்.

2. மின் இணைப்பு எண்ணைக் கைப்பேசியில் பதிந்து வையுங்கள். புகார் கூறும்போது இருளில் மின் கணக்கு அட்டையைத் தேடும் சிரமம் நீங்கும்.

3. மின்வாரியத்தின் 'மின்னகம்' புகார் சேவையை 94987 94987 என்ற எண்ணில் அழைத்து, புகார் எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னர் விசாரிப்பதற்கு அதுவே ஆதாரம்.

4. மீட்டர் கணக்கெடுத்த தேதியிலிருந்து 20 தினங்களுக்குள் கட்டணத்தைச் செலுத்திவிடுங்கள். தவறினால் இணைப்புத் துண்டிக்கப்படலாம்.

5. அறுந்து கிடக்கும் மின்கம்பியைக் கழியாலும் தீண்டாமல், பிறரையும் தூர விலக்கி நிறுத்தி, தாமதமின்றித் தகவல் கொடுங்கள். ஈரத் தரையிலும் மின்சாரம் பாயும், போன உயிர் மீளாது.