இலந்தையைப் பறிக்கும் பக்குவம்

பழவேற்காடு ஏரிக்கரை மீனவக் கிராமங்களின் மணற்பாங்கான வீட்டுக் கொல்லைகளுக்கு ஏற்ற பழமரங்களில் இலந்தையும் ஒன்று. வறட்சியைத் தாங்கும், மண்ணில் ஓரளவு உப்பு இருந்தாலும் வளரும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, ஏரியில் பூநாரைகள் மேயும் மார்கழி, தை மாதங்களில் காய்கள் பழுக்கத் தொடங்கும்.

ஏரியில் 'பாடு' முறைப்படி வலை போடும் குடும்பங்களுக்கு, தங்கள் முறை வராத நாளில்தான் கொல்லை வேலைக்கு நேரம் கிடைக்கும். அந்த ஒரு நாளில் மரம் முழுவதையும் உலுக்கி முடித்துவிடலாம் என்று நினைப்பது நஷ்டத்தையே தரும். ஒரே மரத்துக் காய்கள் ஒரே சமயத்தில் பழுப்பதில்லை. முற்றாத பச்சைக் காயைப் பறித்து வைத்தால் அது சுருங்குமே தவிர, இனிப்பு ஏறாது. சந்தையில் அதற்கு விலையும் கிடைக்காது.

நிறம் பார்த்தல்

உம்ரான், கோலா ரகங்களில் பச்சை மாறித் தோல் பொன்மஞ்சள் ஆனதும் பறிக்கலாம். உம்ரான் பழுப்பு நிறம் அடைந்தால் பக்குவம் கடந்துவிட்டது என்று பொருள். கைத்தலி ரகம் பழுத்தாலும் பச்சை கலந்த மஞ்சளாகவே இருக்கும்; பொன்னிறத்திற்காகக் காத்திருக்கக் கூடாது. நிறத்தோடு, சில பழங்களைக் கடித்தும் பார்க்க வேண்டும். மொறுமொறுப்பும் இனிப்பும் சேர்ந்திருந்தால் சரியான பக்குவம். துவர்த்தால் இன்னும் சில நாட்கள் விட வேண்டும். சதை மாவுபோலானால் நாள் கடந்துவிட்டது.

தண்ணீர்ச் சோதனை

உம்ரான் ரகத்தில் சந்தேகம் இருந்தால், நான்கைந்து பழங்களை வாளித் தண்ணீரில் போட்டுப் பார்க்கலாம். முற்றிய பழம் மிதக்கும்; முற்றாதது அமிழும். இதற்கு நல்ல தண்ணீரையே பயன்படுத்த வேண்டும். ஏரியின் உப்பு நீரில் முற்றாத காயும் மிதந்து ஏமாற்றிவிடும்.

பறிக்கும் முறை

பழுத்தவற்றை மட்டும் தேர்ந்து, சில நாட்கள் இடைவெளியில் நான்கைந்து தடவையாகப் பறிப்பது நல்லது. தொழில் இல்லாத நாட்களை இதற்கு வைத்துக்கொள்ளலாம். காலை வெயில் ஏறுமுன் கையால் பறித்து, ஓலைக்கூடையில் நிழலில் வைக்க வேண்டும். உலுக்கினால் பழத்தில் அடிபடும். காயும் சேர்ந்து உதிரும். அடிபட்டவை, புழு துளைத்தவை, பச்சைக் காய்கள் ஆகியவற்றை நீக்கி, பருமன்வாரியாகப் பிரித்து விற்றால் கூடுதல் விலை பெறலாம்.

உதிர்ந்த பழங்கள்

மரத்தடியில் புழுத்த பழங்களை விட்டுவைக்கக் கூடாது. பழ ஈயின் புழுக்கள் அவற்றிலிருந்து மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகி, பின்னர் ஈயாக வெளிவந்து மற்றப் பழங்களையும் தாக்கும். எனவே அவற்றை உடனுக்குடன் பொறுக்கி அழிக்க வேண்டும். அதிகம் கனிந்தாலும் பூச்சியில்லாத பழங்களை வீணாக்க வேண்டியதில்லை. கொட்டை நீக்கி, வெல்லம், மிளகாய், உப்பு சேர்த்து இடித்து, தட்டிக் காயவைத்தால் இலந்தை வடையாக விற்கலாம்.