வீட்டைக் காலி செய்கிறீர்களா? லாரியில் ஏற்றும் முன் கம்ப்யூட்டரில் சரிபாருங்கள்!

சேவூரில் பட்டுத்தறி ஓடும் வீடுகளில் பிறந்து, இன்று பெங்களூரில் சாஃப்ட்வேர் வேலை பார்ப்பவர்களில் நானும் ஒருவன். வேலை மாறினாலும், வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்று கம்பெனி சொன்னாலும், சாமான்களை லாரியில் ஏற்றி ஊருக்கு அனுப்ப வேண்டியுள்ளது. இன்டர்நெட்டில் 'பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ்' என்று தேடி நம் போன் நம்பரைக் கொடுத்தால் போதும், அடுத்தடுத்து அழைப்புகள் வரும். குறைந்த தொகை சொல்பவரிடம் ஒப்படைப்போம். சாமான் லாரியில் ஏறிய பிறகுதான் தொகை ஏறும்.

எனக்கும் இது நடந்தது. 14 ஆயிரம் ரூபாய் என்று பேசிய நிறுவனம், லாரி ஓசூரைத் தாண்டியதும் 22 ஆயிரம் கேட்டது. பேசிய தொகை, சாமான் பட்டியலோடு இ-மெயிலில் இருந்தது. அதையே திருப்பி அனுப்பி, நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்வேன் என்றேன். பேசிய தொகைக்கே சாமான் வந்து இறங்கியது. எழுத்தில் இருப்பதுதான் நமக்குப் பாதுகாப்பு. எதை எழுதி வாங்குவது, எதைச் சரிபார்ப்பது என்று இப்போது பார்ப்போம்.

சட்டம் என்ன சொல்கிறது?

1865-ம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது 2007-ம் ஆண்டின் சாலைவழி சரக்குப் போக்குவரத்துச் சட்டம். 2011 மார்ச் 1 முதல் நடைமுறையில் உள்ளது. பதிவுச் சான்றிதழ் இல்லாமல் யாரும் இந்தத் தொழிலைச் செய்யக் கூடாது. லாரி வைத்திருப்பவர் மட்டுமல்ல, புக்கிங் கம்பெனி, ஏஜென்ட், புரோக்கர் எல்லோரும் இதற்குள் வருகிறார்கள். "நாங்கள் வெறும் ஏஜென்ட்தான்" என்று சொல்லி நழுவ முடியாது.

இரண்டு காகிதங்கள் முக்கியம். முதலாவது, நீங்கள் எழுதிக் கொடுக்கும் சரக்கு அனுப்பும் படிவம். சாமான்களின் மதிப்பை இதில்தான் குறிப்பிட வேண்டும். இரண்டாவது, அவர்கள் தரும் சரக்கு ரசீது.

மதிப்பைக் குறைத்து எழுதாதீர்கள். சாமான் தொலைந்தாலோ சேதமானாலோ, சாதாரண கட்டணத்தில் நிறுவனத்தின் பொறுப்பு வாடகையைப் போல 10 மடங்கு வரைதான். அதுவும் நீங்கள் எழுதிய மதிப்பைத் தாண்டாது. உதாரணம் பாருங்கள். வாடகை 12,000 ரூபாய் என்றால் உச்சவரம்பு 1,20,000 ரூபாய். சாமான் மதிப்பு 2,50,000 என்று எழுதியிருந்தாலும் 1,20,000-க்கு மேல் கிடைக்காது. மதிப்பை 50,000 என்று எழுதியிருந்தால் 50,000-தான். கூடுதல் பாதுகாப்பு வேண்டுமானால், அதிக ரிஸ்க் கட்டணம் செலுத்துவதாக முன்பே எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இன்சூரன்ஸ் என்பது வேறு. அதற்கென்று தனியாகப் பணம் வாங்கினால், இன்சூரன்ஸ் கம்பெனியின் பாலிசியைக் கேட்டு வாங்குங்கள். பில்லில் 'இன்சூரன்ஸ்' என்று ஒரு வரி இருந்தால் அது பாலிசி ஆகாது.

அமெரிக்காவில் மாநிலம் விட்டு மாநிலம் வீடு மாற்றுவோருக்குத் தனி விதி உண்டு. உத்தேச மதிப்பீடு கொடுத்த நிறுவனம், அதில் 110 சதவீதம் வரை செலுத்தினால் சாமானை இறக்கித் தர வேண்டும். மீதியைப் பிறகுதான் கேட்கலாம். நம் 2007 சட்டத்தில் இப்படி ஒரு சதவீத வரம்பு இல்லை. ஆகவே "இறுதித் தொகை, ஏற்றுக்கூலி இறக்குக்கூலி உட்பட" என்று இ-மெயிலில் வாங்கிவிடுங்கள்.

கம்ப்யூட்டரில் சரிபார்ப்பது எப்படி?

1. ஜி.எஸ்.டி. எண்: பில்லில் 15 இடங்கள் கொண்ட எண் இருந்தால், ஜி.எஸ்.டி. வெப்சைட்டில் வரி செலுத்துவோரைத் தேடும் பகுதியில் டைப் செய்யுங்கள். பெயரும் முகவரியும் ஒத்துப் போகிறதா பாருங்கள். முதல் இரண்டு இலக்கம் மாநிலத்தைக் குறிக்கும். தமிழ்நாட்டுக்கு 33, கர்நாடகாவுக்கு 29. ஆறாவது எழுத்தையும் கவனியுங்கள். கம்பெனி என்ற சொல்லின் முதல் எழுத்தான 'சி' இருந்தால் அது கம்பெனி. பர்சன் என்ற சொல்லின் முதல் எழுத்தான 'பி' இருந்தால் தனிநபர். 'பிரைவேட் லிமிடெட்' என்று போர்டு வைத்தவரின் எண்ணில் இந்த 'பி' இருந்தால் விளக்கம் கேளுங்கள்.

2. லாரி எண்: வண்டி வந்ததும் எம்-பரிவாகன் ஆப்பில் எண்ணைக் கொடுத்து, தகுதிச் சான்றும் இன்சூரன்ஸும் காலாவதி ஆகவில்லையா என்று பாருங்கள்.

3. 'ஐ.பி.ஏ. அங்கீகாரம்': இது இந்திய வங்கிகள் சங்கம் வங்கிகளின் தேவைக்காகத் தயாரிக்கும் பட்டியல். விளம்பரத்தில் உள்ள முத்திரையை நம்பாமல், பட்டியலில் பெயர் உள்ளதா என்று தேடுங்கள்.

4. சாமான் பட்டியல்: எக்ஸெலில் பொருள், மாடல், சீரியல் எண், மதிப்பு என நான்கு காலங்கள் போடுங்கள். டி.வி., பிரிட்ஜ், கம்ப்யூட்டர் ஓடும் நிலையிலும், பேக் செய்த பிறகும் படம் எடுங்கள். எல்லாவற்றையும் உங்களுக்கே ஒரு இ-மெயிலாக அனுப்பிவிடுங்கள். தேதி பதிவாகிவிடும்.

5. பேக்கப்: ஹார்டு டிஸ்க் உடைந்தால் டிஸ்க்கின் விலையைத்தான் கேட்க முடியும். உள்ளே இருந்த குழந்தையின் போட்டோக்கள் திரும்பி வராது. பேக்கப் எடுத்த டிஸ்க்கை லாரியில் ஏற்றாமல் கையோடு கொண்டு வாருங்கள்.

இ-வே பில்லுக்கு என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். பயன்படுத்திய வீட்டுச் சாமான்களுக்கு அது தேவையில்லை. ஆனால் நம் ஊர்க்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதே லாரியில் விற்பனைக்கான பட்டுப்புடவைகளை ஏற்றினால் அவற்றுக்கு இந்த விலக்கு கிடையாது.

சேதமானால் என்ன செய்வது?

பெட்டிகளைப் பிரித்துப் பார்க்காமல் "நல்ல நிலையில் பெற்றேன்" என்று கையெழுத்துப் போடாதீர்கள். பிரிக்க நேரமில்லை என்றால், "பிரித்துப் பார்க்கவில்லை" என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். சேதத்தை எழுத்து மூலம் நிறுவனத்துக்குத் தெரிவிக்க 180 நாள் அவகாசம் உண்டு. இந்தக் கணக்கு சாமான் வந்து சேர்ந்த நாளில் இருந்து அல்ல, புக் செய்த நாளில் இருந்து தொடங்குகிறது. இந்த நோட்டீஸ் இல்லாமல் வழக்குப் போட முடியாது. விரைவுத் தபாலில் அனுப்பி, ரசீதை ஸ்கேன் செய்து வையுங்கள்.

முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யுங்கள். தீரவில்லை என்றால் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 1986-ம் ஆண்டுச் சட்டத்தில், பொதுவாக எதிர்தரப்பு தொழில் செய்யும் இடத்திலோ பிரச்சினை எழுந்த இடத்திலோதான் வழக்குப் போட முடியும். 2020 ஜூலை 20-ல் நடைமுறைக்கு வந்த 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இதை மாற்றியது. நீங்கள் வசிக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். நிறுவனம் பெங்களூரில் இருந்தாலும் டெல்லியில் இருந்தாலும், சேவூர்க்காரர் திருவண்ணாமலை மாவட்ட ஆணையத்திலேயே கேட்கலாம். காலவரம்பு இரண்டு ஆண்டு. நீங்கள் கொடுத்த வாடகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுக் கட்டணம் இல்லை.

2025 ஜனவரியில் தொடங்கப்பட்ட இ-ஜாக்ருதி வெப்சைட்டில் வீட்டிலிருந்தே மனுவை அப்லோட் செய்யலாம். வீடியோ மூலம் விசாரிக்கும்படி கேட்கவும் சட்டத்தில் இடமுண்டு. நீங்கள் முன்பே தயாரித்த எக்ஸெல் பட்டியல், போட்டோ, ரசீது, இ-மெயில் ஆகியவைதான் அங்கே உங்கள் சாட்சிகள். அனைத்தையும் ஒரே போல்டரில் வைத்திருந்தால் மனு தயாரிக்கும் வேலை எளிதாகிவிடும்.