அணுவும் அண்டை நாடுகளும்

அடுப்பில் எரியும் தீ சோறாக்குகிறது. கூரையைப் பற்றிய தீ குடியையே அழிக்கிறது. தீ ஒன்றே, அது நிற்கும் இடமும், அதனை ஆள்வோர் கருத்துமே வேறு. அணுவின் ஆற்றலும் இத்தகையதே. ஆயினும், ஆசிய மக்கள் அதனை முதற்கண் அறிந்தது அடுப்பிலன்று, கூரையிலேயாம். 1945-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 6-ஆம் நாள் இரோசிமாவும், 9-ஆம் நாள் நாகசாகியும் அணுகுண்டுக்கு இரையாயின. ஒன்பதாண்டுகள் கழிந்து, 1954 மார்ச்சு 1-ஆம் நாளில், பசிபிக் பெருங்கடலிலுள்ள பிக்கினித் தீவில் அமெரிக்கா ஒரு குண்டை வெடித்துப் பார்த்தது. அதனின்று எழுந்த நச்சுச் சாம்பல், நெடுந்தொலைவில் மீன் பிடித்துக் கொண்டிருந்த ஜப்பானியப் படகொன்றின்மேற் படிந்தது. அதிலிருந்த 23 மீனவரும் நோயுற்றனர். அவருள் ஒருவர் அவ்வாண்டிலேயே உயிர் நீத்தார்.

அந்நிகழ்ச்சிக்குச் சில திங்கள் முன்னரே, 1953 திசம்பர் 8-ஆம் நாள், அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஐசனோவர், அணுவை அமைதிப் பணிக்குப் பயன்படுத்தல் வேண்டும் என ஐக்கிய நாடுகளின் பேரவையிற் பேசியிருந்தார். 1957-இல் பன்னாட்டு அணு ஆற்றல் முகமை தோன்றி, வியன்னா நகரில் நிலை கொண்டது. எண்ணம் நன்று. ஆனால், புதிதாக விடுதலை பெற்ற ஆசிய நாடுகளிடம் அணு ஆராய்ச்சிக்கு வேண்டிய பொருள் யாது? அணு உலை ஒன்றை அமைத்தலே அரும்பாடு. அதனை அமைத்த பின்னரும், அதனருகே நிறுவத்தக்க நுண்கருவிகள் வேண்டும். கருவிகளைக் கையாள்வோர் வேண்டும். அவர்களைப் பயிற்றுவிப்போரும் வேண்டும். உலை உண்டு, ஆள் இல்லை என்னும் நிலை ஒரு நாட்டில். ஆள் உண்டு, உலை இல்லை என்னும் நிலை மற்றொரு நாட்டில். ஏருடையானும் எருதுடையானும் தனித்தனியே நின்றால் வயல் உழப்படுமோ?

இந்நிலையில் முதலில் கூடியவை இந்தியாவும் பிலிப்பைன்சுமாகும். இந்தியா 1956 ஆகஸ்டு 4-ஆம் நாளிலேயே மும்பையை அடுத்த டிராம்பேயில் ‘அப்சரா’ என்னும் ஆராய்ச்சி உலையை இயக்கி, அத்துறையிற் பயிற்சி பெற்றிருந்தது. பிலிப்பைன்சு நாட்டில், மணிலாவை அடுத்த கேசோன் நகரத்தில், அமெரிக்க உதவியால் ஓர் உலை 1963-இல் இயங்கத் தொடங்கிற்று. மறு ஆண்டு, இவ்விரு நாடுகளும் பன்னாட்டு முகமையும் ஓர் உடன்பாடு செய்து கொண்டன. அதன்படி, இந்தியா அளித்த நியூட்ரான் நிறமாலைமானி என்னும் கருவி, கேசோன் நகரத்து உலையின் அருகில் நிறுவப்பட்டது. உலையினின்று வெளிப்படும் நியூட்ரான்கள் ஒரு படிகத்தின்மேல் மோதிச் சிதறும்பொழுது, அவை எக்கோணத்தில், எவ்வளவு ஆற்றலோடு செல்கின்றன என அளந்தால், அப்பொருளுக்குள் அணுக்கள் எவ்வாறு அணிவகுத்துள்ளன, எவ்வாறு அதிர்கின்றன என்பன புலனாகும். கண்ணுக்கு எட்டாத வீட்டினுள் நடப்பதைச் சுவரில் எழும் எதிரொலியைக் கொண்டு அறிவது போன்றது இது. இந்திய அறிஞர் அங்குச் சென்று கற்பித்தனர். தாய்லாந்து, கொரியா, இந்தோனேசியா முதலிய நாடுகளிலிருந்து இளைஞர் வந்து கற்றனர். ஒரு கருவியைச் சூழப் பல நாட்டு மாணவர் அமர்ந்த அக்கூடமே, பின்னர் எழுந்த பெருங்கூட்டுறவுக்கு வித்தாயிற்று.

ஐந்தாண்டுத் திட்டமாகிய அதன் பயனைக் கண்ட நாடுகள், 1972 சூன் 12-ஆம் நாள் முதல் நடைமுறைக்கு வந்த வட்டாரக் கூட்டுறவு உடன்பாட்டில் இணைந்தன. வல்லரசொன்று கொடுக்க, ஏனையோர் கையேந்திப் பெறும் முறை அன்று இது. எப்பணியை மேற்கொள்வது என்பதை உறுப்பு நாடுகளே கூடி முடிவு செய்கின்றன. ஒருவர் ஆய்வுக்கூடத்தை மற்றவர்க்குத் திறந்து விடுகின்றனர். பன்னாட்டு முகமை துணை நிற்கிறது. இன்று இதில் 22 நாடுகள் உள்ளன. இந்தியாவும் பாகிஸ்தானும் அவற்றுள் அடங்கும். அவ்விரண்டும் 1971-இல் போரிட்டவை. 1998-இல் இரண்டுமே அணு வெடிச் சோதனை நிகழ்த்தியவை. எல்லையில் முகங்கொடாத இருவர், நெல் விதையைப் பற்றியும் புற்றுநோய் மருத்துவத்தைப் பற்றியும் ஒரே மேசையைச் சூழ்ந்து பேசுகின்றனர் என்பது சிறிய செய்தியன்று.

நெல் விதைக்கும் அணுவுக்கும் என்ன தொடர்பு என்று சிலர் வியக்கலாம். விதையின் மீது காமாக் கதிரையோ வேறு கதிரையோ செலுத்தினால், அதனுள்ளிருக்கும் மரபுக் கூறுகளில் மாறுதல்கள் நிகழ்கின்றன. அம்மாறுதல்களுட் பெரும்பாலன பயனற்றவை, பல தீயவை. ஆயிரக்கணக்கான நாற்றுகளை வளர்த்து, அவற்றுள் நற்பண்புடைய ஒன்றிரண்டைத் தேர்ந்து, தலைமுறை தலைமுறையாக விதைத்து நோக்கல் வேண்டும். இவ்வாறு பெறும் நெல்லில் கதிரியக்கம் சிறிதும் இராது; உண்பார்க்கு அச்சமும் இல்லை. கதிர் செலுத்துவது சில நிமிடப் பணி. நல்லதைத் தெரிந்தெடுப்பதோ பல்லாண்டுப் பணி. உழவனின் கண்ணே இங்கும் இறுதி நடுவராகும்.

தாய்லாந்தில் மணமிக்க நெல் வகை ஒன்று உண்டு. அதற்கு மல்லிகையின் பெயரையே இட்டு வழங்குகின்றனர். ஆனால், அந்நாட்டின் வடகிழக்குப் பகுதியினர் ஒட்டும் தன்மையுள்ள பசையரிசியையே நாடோறும் உண்பவர். மல்லிகை நெல்லின் விதையிற் காமாக் கதிரைச் செலுத்தி, அதன் மணமும் கெடாமல் ஒட்டும் தன்மையும் அமைந்த புதுநெல்லை அந்நாட்டார் 1977-இல் வெளியிட்டனர். மக்கள் நாவை மாற்ற முயலாமல், நெல்லை மாற்றிய அறிவு பாராட்டத்தக்கது.

பங்களாதேசத்தின் செய்தி இன்னும் நெருங்கி நோக்கத்தக்கது. அங்குக் குளிர்காலத்தில் நட்டுக் கோடைத் தொடக்கத்தில் அறுக்கும் நெல்லைப் ‘போரோ’ என்பர். நல்ல விளைச்சல் தரும் போரோ வகை ஒன்று, முதிர்வதற்கு ஏறத்தாழ 160 நாள் எடுத்துக் கொள்ளும். வயலில் முதலிற் கடுகு பயிரிட்டு அறுத்த உழவன், அதன்பின் இந்நெல்லை நட்டால் காலம் தாழ்ந்து விடும். மழையும் வெள்ளமும் கதிரை நோக்கி வந்துவிடும். கடுகை விடுவதா, நெல்லை விடுவதா என்பதே அவன் கவலை. மைமன்சிங் நகரிலுள்ள அணு வேளாண்மை ஆய்வு நிலையத்தார், நெல் விதையை ஜப்பானுக்கு அனுப்பி, அங்குள்ள பெருங்கருவியினின்று விரைந்து வரும் கார்பன் அயனிகளை அதன்மேற் செலுத்தச் செய்தனர். அத்தகைய கருவி பங்களாதேசத்தில் இல்லை. விதை தாய்நாடு மீண்டது, வயல்களிற் சோதிக்கப்பட்டது, பின்தங்கி நட்டாலும் விரைந்து முதிரும் ‘பினாதான் 14’ என்னும் நெல் 2013-இல் உழவர்க்குக் கிடைத்தது. கடுகும் நெல்லும் ஒரே வயலில் அடுத்தடுத்து விளைய வழி பிறந்தது.

குண்டினால் வெந்த ஜப்பானே இவ்வாறு அயலார் வயலுக்குத் துணையாயிற்று என்பது எண்ணத்தக்கது. அந்நாடு முன்னின்று, 2000-ஆம் ஆண்டில் ஆசிய அணுக் கூட்டுறவுப் பேரவை என்னும் அமைப்பையும் தோற்றுவித்தது. பயிர் மேம்பாட்டோடு மருத்துவமும் அதன் பணிகளுள் ஒன்று. ஆசிய நாடுகளில் கருப்பை வாய்ப் புற்றுநோயுற்ற பெண்டிர் பலர், நோய் முற்றிய பின்னரே மருத்துவமனையை நாடுகின்றனர். மேனாட்டு நூல்கள் கூறும் கதிர் அளவு அவர்க்கு அப்படியே பொருந்துமா? பல நாட்டு மருத்துவர் கூடி ஒரே முறையில் மருத்துவம் செய்து, நோயாளரின் நிலையை ஆண்டுக் கணக்கில் ஒப்பிட்டு நோக்கினர். ஒரு மருத்துவமனை தனித்து நின்று எளிதில் பெறவியலாத அறிவு இதனாற் கிட்டியது. சிங்கப்பூரிலோ, 1997 முதல் மற்றொரு பயிற்சி நடந்தது: இறந்தோர் ஈந்த எலும்பையும், மகப்பேற்றின்பின் கிடைக்கும் மென்சவ்வையும் காமாக் கதிரால் தூய்மைப்படுத்திக் காக்கும் கலை அது. அச்சவ்வு தீப்புண்ணின்மேற் போர்வையாகிறது.

விதையிலும் மருந்திலும் இவ்வாறு கூடும் நாடுகள், மின்னாக்கும் பெரும் உலைகளில் இத்துணை எளிதாகக் கூடுவதில்லை. அங்கு வாணிகமும் மறைவும் புகுந்து விடுகின்றன. ஒரு நாட்டின் உலையை அயல்நாடு ஐயத்தோடு நோக்குகிறது. 2011 மார்ச்சு 11-ஆம் நாள் நில அதிர்ச்சியும் ஆழிப்பேரலையும் தாக்கிய ஜப்பானின் புக்குசிமாவில், உலைகள் உருகிக் கதிரியக்கம் பரவியபோது, அவ்வையம் பல நாடுகளிலும் வலுத்தது. அது வீணான அச்சம் என்று தள்ளிவிடுதல் பொருந்தாது.

இனி, கேசோன் நகரத்து உலையின் கதை. பல்லாண்டுக் காலம் பணி செய்த அது, நீர்த்தொட்டியிற் கசிவு ஏற்பட்டமையால் 1988-இல் நிறுத்தப்பட்டது. நீண்ட காலம் அக்கூடம் அமைதியாகக் கிடந்தது. பின்னர், எஞ்சியிருந்த எரிபொருளைக் கொண்டே சிறிய பயிற்சி அமைப்பொன்றை அங்கேயே உருவாக்கினர். 2022-இல் அதில் எரிபொருள் இடப்பட்டது. அது தானே தொடர்ந்து எரியாத வகையில் அமைந்தது. ஆற்றல் மிகச் சிறிது. கற்பிப்பதற்கு அதுவே போதும். முன்பு பல நாட்டு இளைஞர் நியூட்ரானை அளக்கக் கற்ற அவ்விடத்தில், பிலிப்பைன்சு மாணவர் இப்பொழுது மீண்டும் கற்கத் தொடங்கியுள்ளனர்.